தொழில்: மற்றவை

நாரையேரி வற்றி யாரும் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாறு மணலாகக் கிடக்கும்போதும், நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து ஏரியில் விழுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அந்த ஏரி சென்னையில் யார் கண்ணிலோ பட்டது. 'ஏரிக்கரை வட்டாரப் பொருளாதார வளர்ச்சித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கென்றே ஒரு வளர்ச்சிக் குழுமம் அமைத்து, திட்டத்தை வகுக்கும் வேலையை ஒரு கன்சல்டன்சியிடம் ஒப்படைத்தார்கள். கரையோர ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று கன்சல்டன்சி தேடியபோது வெண்மதி கிடைத்தாள்.

ஏரிமேட்டுத் தெருவில் எம்.ஏ. படித்த முதல் பெண் அவள்தான். பொருளாதாரம். படித்து முடித்து மூன்று வருஷம் ஆகியும் ஜெராக்ஸ் கடையில்தான் நின்றுகொண்டிருந்தாள். அப்பா தனகோட்டி சுரங்கத்தில் பத்தொன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. இந்த வருஷம் பர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லுவார். அம்மா மாரியம்மாள் விடிந்ததும் ஏரியில் இறங்குவாள். பருவத்துக்கு ஏற்றாற்போல் கோரை அறுப்பாள், நத்தை பொறுக்குவாள், சேற்றைத் துழாவிக் கையாலேயே விரால் பிடிப்பாள். அவளோடு தெருவே இறங்கும். நடவு, அறுப்பு என்று கூப்பிட்டால் வயலுக்கு. இல்லாத நாளெல்லாம் ஏரிக்கு. தெருவில் ஒருவருக்கும் காணி நிலம் கிடையாது. ஏரியில் இறங்க யாரையும் கேட்க வேண்டியதும் கிடையாது.

கன்சல்டன்சிக்கு நெய்வேலி மெயின் பஜாரில் மாடியில் ஒரு அறை. அதைப் பார்த்துக்கொண்டவர் இசக்கிமுத்து. சுரங்கக் கம்பெனியில் சர்வே பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், தென்காசிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்து ஊர்ப் பேச்சே மறந்துபோனவர். அவருடைய மகன் அஸ்வின்தான் சென்னையில் உட்கார்ந்து திட்டத்தை எழுதுகிறவன். இசக்கிமுத்து நல்ல மனுஷர். முதல் நாளே தம் மனைவி புஷ்பவல்லி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சோற்றைப் பாதி பிரித்து வெண்மதியிடம் நீட்டினார். கூடவே கேள்விகள் ஏற்றிய ஒரு டேப்லெட்டையும்.

"கூச்சப்படாம சாப்பிடும்மா. வெயில்ல சுத்தப்போற. இந்த டேப்ல எல்லாம் இருக்கு. நீ தொட்டுத் தொட்டுப் போனா போதும்."

தொட்டுத் தொட்டுப் போக முடியாத இடம் ஒன்று இருந்தது. ஒன்பதாவது கேள்வி: குடும்பத்தின் முதன்மைத் தொழில். விவசாயம், மீன்பிடித்தல், சம்பளம், வியாபாரம், கூலி, மற்றவை என்று பட்டியல் விழும். மீன்பிடித்தலைத் தொட்டால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண் கேட்கும். எண் இல்லாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. கூலியைத் தொட்டால் மாதத்தில் இருபது நாள் வேலை உண்டா என்று கேட்கும். இல்லையென்றால் அதுவும் திறக்காது. சுரங்கத்துக்குப் போகிற ஒரு சிலரை விட்டால் ஏரிமேட்டில் யாருக்கும் சங்க எண்ணும் இல்லை, இருபது நாள் கூலியும் இல்லை. மிச்சம் இருந்தது 'மற்றவை'. அதைத் தொட்டால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் எழுதிக்கொள்ளலாம்.

வெண்மதி எழுதினாள். வெயிலில் திரை தெரியாது, சார்ஜ் நிற்காது. ஆகவே முதலில் ஒரு நோட்டில் எழுதி, பிறகு நிழலில் உட்கார்ந்து டேப்பில் ஏற்றினாள். எந்த வீடு எந்த மாதத்தில் எதை எடுக்கிறது, எங்கே விற்கிறது, வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று விட்டுவிடாமல் எழுதினாள். மூலைவீட்டுச் செங்கமலம் அத்தை மட்டும் பிடி கொடுக்காமல் சிரித்தாள்.

"ஏரிக்குப் போறதெல்லாம் ஒரு வேலன்னு எழுதிக்கினு திரியிறியே மதி. ஆபீசருங்க படிச்சிட்டு சிரிக்கப்போறாங்க."

"எழுதினாத்தான் அத்த அவங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சி?"

தெரிந்தால் நல்லது நடக்கும் என்றுதான் அவள் எம்.ஏ. முழுக்கப் படித்திருந்தாள்.

இரண்டரை மாதத்தில் நூற்று அறுபத்தெட்டு வீடுகள் 'மற்றவை'யில் வந்தன. அஸ்வின் சென்னையிலிருந்து போனில் பாராட்டினான். ஏழு ஊர்களிலும் இவ்வளவு சுத்தமான டேட்டா வேறு யாரும் தரவில்லை என்றான். சார் என்று கூப்பிட வேண்டாம் என்றான். வெண்மதி அந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தாள்.

ஐப்பசியில் அறிக்கை வந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம், ஆங்கிலம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாசிக்கப் பத்துப் பக்கத்துக்குத் தமிழில் ஒரு சுருக்கம் வேண்டும். அதை வெண்மதியே எழுத வேண்டும் என்று இசக்கிமுத்து சொன்னார். அவள் மாடி அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டே போனாள். படகுத்துறை, நடைபாதை, பறவை பார்க்கும் கோபுரம், உணவகங்கள், தங்கும் குடில்கள், கைவினைக் கடைகள். நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றாள்.

ஏரிமேடு இருக்கும் வடகரைக்குத் தற்போது பொருளாதாரப் பயன்பாடு எதுவும் இல்லை என்று இருந்தது. அதற்குக் கீழே, அந்தக் கரையில் வசிக்கும் நூற்று அறுபத்தெட்டுக் குடும்பங்களுக்கு அடையாளம் காணத்தக்க தொழில் எதுவும் இல்லை, ஆகவே திட்டத்துக்குத் தேவையான உடலுழைப்பு உள்ளூரிலேயே கிடைக்கும் என்று இருந்தது.

அவள் மறுபடி படித்தாள். தன் எண்ணேதான். நூற்று அறுபத்தெட்டு.

அஸ்வினுக்குப் போன் செய்தாள். அவன் கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை.

"வெண்மதி, நீங்க எழுதினதை நான் படிச்சேன். அந்த சாஃப்ட்வேர் கட்டத்துக்குள்ள எழுதினதை எடுத்துக்காது. 'மற்றவை'ன்னா தொழில் இல்லைன்னு சேர்த்துக்கும்."

"கையால மாத்தலாமே சார்."

"மாத்தலாம். மாத்தினா என்ன ஆகும்னு யோசிங்க. லைசென்ஸ் இல்லாம மீன் பிடிக்கிறாங்க, அனுமதி இல்லாம கோரை அறுக்கிறாங்கன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அப்போ அவங்க ஆக்கிரமிப்பாளர்கள். இப்போ பயனாளிகள். எது நல்லது? நான் அங்க வளர்ந்தவன். அவங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

போனை வைக்கும் முன் அவன் இன்னொன்றும் சொன்னான். திட்ட அலுவலகத்துக்கு ஒரு சமூக அலுவலர் பதவி வருகிறது, உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று தானே விதியில் எழுதியிருப்பதாகவும், அவள் பெயரைச் சொல்லியிருப்பதாகவும்.

அன்று சாயங்காலம் அதைத் தெரியாத்தனமாக வீட்டில் சொல்லிவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்த தனகோட்டி, ஈரத்தோடு வந்து நின்றார்.

"ஆபீசுலயா? நாற்காலி போட்டா?"

"கான்ட்ராக்ட்தாம்பா. வருஷா வருஷம் புதுப்பிப்பாங்களாம்."

"இருக்கட்டும். மண்ணு அள்ளுற கான்ட்ராக்ட் இல்லியே."

அவர் முகத்தைப் பார்த்த பிறகு மற்றதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மறுநாள் சுருக்கத்தை எழுத உட்கார்ந்தாள். 'வேலையற்ற குடும்பங்கள்' என்று எழுதி அடித்தாள். அம்மா கேட்டால் காறித் துப்புவாள். 'தொழில் இல்லாத' என்று எழுதி அதையும் அடித்தாள். கடைசியில் 'வாழ்வாதாரம் மேம்படுத்தப்பட வேண்டிய குடும்பங்கள்' என்று ஒரு தொடர் வந்து விழுந்தது. அதில் யாருக்கும் எதுவும் உறுத்தாது. எழுதியது நன்றாக அமைந்துவிட்டதே என்று ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிற்பாடு அவளை அதிகமாகச் சுட்டது அந்த ஒரு கணம்தான்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில், ஷாமியானா போட்டு நடந்தது. பொங்கலும் வடையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மாரியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, மைக் முன்னால் நிற்கிற மகளைப் பார்த்த பார்வையை மறைக்கத் தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வெண்மதி கணீரென்று வாசித்தாள். வாசித்து முடித்ததும் செங்கமலம் எழுந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் கீதுங்க. நாங்க கோர அறுக்குறது, நத்த பொறுக்குறது, அதெல்லாம் இருக்குமா, இருக்காதா? அத மட்டும் சொல்லிப்புடுங்க."

மேடையில் இருந்த அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். அதில் கோரையும் இல்லை, நத்தையும் இல்லை. அவர் வெண்மதியைப் பார்த்தார். இசக்கிமுத்துவும் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

"திட்டத்துல அதுக்குத் தடைன்னு ஒண்ணும் இல்ல அத்த," என்றாள் வெண்மதி.

பொய் இல்லை. இருப்பதே தெரியாத ஒன்றுக்குத் தடை எப்படிப் போடுவார்கள்? செங்கமலம் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நம்ம பொண்ணு சொல்லுது என்று பின்னால் யாரோ சொன்னது மைக்கிலேயே கேட்டது. திட்டத்துக்குச் சம்மதம் கேட்டதும் கைகள் உயர்ந்தன.

அடுத்த ஆடிக்குள் வடகரையில் கம்பிவேலி வந்துவிட்டது. நடைபாதைக்குச் சிமென்ட் கல் பதித்தார்கள். படகுத்துறையையும் கரையையும் குத்தகைக்கு எடுத்தவர் வெளியூர்க்காரர்; அவருடைய வாட்ச்மேன்களும் வெளியூர். சமூக அலுவலராகிவிட்ட வெண்மதிக்கு ஏரியைப் பார்த்தபடி கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, சுழல் நாற்காலி, கழுத்தில் அட்டை. தனகோட்டி ஒரு நாள் ஷிப்டுக்குப் போகும் வழியில் வந்து வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. செருப்பில் கரி என்றார்.

ஆரம்பத்தில் பெண்கள் வேலிக்குக் கீழே குனிந்து போய் வந்தார்கள். வாட்ச்மேன்கள் விரட்டினார்கள். வெண்மதி குத்தகைக்காரரின் மேலாளரிடம் மூன்று தடவை பேசினாள். அவன் மூன்று தடவையும் மரியாதையாகக் குத்தகைப் பத்திரத்தை எடுத்துக் காட்டினான். கரையில் வேறு எவருக்கும் பயன்பாட்டு உரிமை இல்லை, திட்ட அறிக்கை நாற்பத்தோராம் பக்கம் காண்க என்று அதில் எழுதியிருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை, வாட்ச்மேன் ஒருவன் மாரியம்மாளைப் பிடித்து அலுவலகத்துக்கே கூட்டிவந்தான். முட்டி வரை சேறு. கையில் வெறும் கூடை. நத்தையை நடைபாதையிலேயே கொட்டிவிட்டார்களாம். அவள் இன்னாருடைய அம்மா என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது.

"மேடம், இது மூணாவது தடவ. இனிமே எறங்க மாட்டேன்னு எழுதி வாங்கிடுங்க. இல்லன்னா போலீசுக்குப் போகச் சொல்லிட்டாரு மேலாளர்."

மாரியம்மாள் மகளை அம்மாவாகப் பார்க்கவில்லை. எதிரே நாற்காலியில் இருந்த ஆபீசரைப் பார்ப்பது போலவே பார்த்தாள். பிறகு, "எங்கங்க கையெழுத்து?" என்று கேட்டாள்.

அந்த 'ங்க'வைக் கேட்டதும் வெண்மதி நாற்காலியை விட்டு எழுந்தாள். "அம்மா," என்றாள். வாட்ச்மேன் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினான்.

"காட்டுங்க. போட்டுட்டுப் போறேன். வேல கெடக்குது."

அச்சடித்த தாள் மேசையில் தயாராக இருந்தது. ஏற்கெனவே பதினொரு பேரிடம் வெண்மதி அப்படி வாங்கியிருந்தாள், எல்லோரும் உறவுமுறைதான். ஆனாலும் அப்போதெல்லாம் இப்படி இருந்ததில்லை. மாரியம்மாள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடித்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அன்று சோறு போட்டாள், பேசவில்லை.

மறுநாள் வெண்மதி பரணிலிருந்து தன் கணக்கெடுப்பு நோட்டை எடுத்தாள். நூற்று அறுபத்தெட்டு வீடுகளையும், ஒவ்வொரு வீடும் ஏரியிலிருந்து எதை எந்த மாதத்தில் எடுத்தது என்பதையும் அட்டவணை போட்டு எழுதினாள். அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கம் தவறு, கணக்கெடுத்தவள் நானே, திருத்த வேண்டும் என்று மனுவாக்கினாள். கையெழுத்து வாங்கத் தெருவுக்குள் போனாள்.

முதல் வீட்டில் தலைவலி என்றார்கள். இரண்டாவது வீட்டில் அவர் வரட்டும் என்றார்கள். நடைபாதை கூட்டும் வேலை, உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை என்று குத்தகைக்காரரின் ஆட்கள் வீட்டுக்கு ஒருத்திக்கு முறை வைத்துக் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் முறை போய்விடும் என்ற பயம். செங்கமலம்தான் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"அன்னிக்கு வூடு வூடா வந்து எழுதுன. எழுதாதடின்னு சிரிச்சிக்கினே சொன்னேன். மேடையில கேட்டேன், தட இல்லன்ன. இப்ப மறுபடியும் எழுதிக்கினு வந்து நிக்கிற. நீ எழுதுனதெல்லாம் போதும் மதி. ஒன்னால எங்களுக்கு ஒண்ணும் ஆவ வேணாம்."

"தப்பு நடந்துடுச்சு அத்த. அதத்தான் சொல்றேன்."

"நடந்துடுச்சா? தானாவா நடந்துச்சி?"

கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூடத் தேவலை. வாசலில் அவளை நிற்கவைத்துவிட்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

மனுவில் ஒரே ஒரு கையெழுத்து, அவளுடையது. சென்னையில் உள்ள வளர்ச்சிக் குழுமத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஐந்து வாரம் கழித்து, இப்போது திட்ட அலுவலகத்தின் கோப்புகளையும் பார்த்துக்கொண்ட இசக்கிமுத்து ஒரு கோப்போடு அவள் அறைக்குள் வந்தார். உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"நீ அனுப்பின மனு வந்திருக்கும்மா."

"எங்க சார்?"

"உனக்குத்தான்."

அவள் வாங்கிப் பார்த்தாள். தன் கையெழுத்தில் தன் மனு. மேலே வெவ்வேறு மையில் நான்கு குறிப்புகள். கடைசிக் குறிப்பு: 'சமூக அலுவலர், நாரையேரி. ஆய்வு செய்து மனுதாரருக்கு உரிய பதில் அளிக்கவும்.'

வெண்மதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். இசக்கிமுத்து சிரிக்கவில்லை.

"இதுல விளையாட்டு இல்ல. அஸ்வின் பேரும் இருக்கு இதுல. அவன் உனக்குக் கெட்டது நினைச்சானா? 'பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. கோப்பு முடிஞ்சிடும். உன் வேலையும் நிலைக்கும்."

"நீங்க படிச்சீங்களா சார், நான் எழுதினதை?"

அவர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். "படிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் இங்க இருக்கேன். ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிட்டு நாரை பாக்க வருவேன். தண்ணிக்குள்ள பொம்பளைங்க நிப்பாங்க. என்ன பண்றாங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல." எழுந்துகொண்டார். "ஆனா ஒரு வரி எழுதிடும்மா. நான் கேட்டுக்கறேன்."

அவள் ஒரு வரிதான் எழுதினாள், அவர் கேட்டுக்கொண்ட வரி அல்ல. 'மனுதாரர் கூறுவது உண்மை. ஆய்வு செய்யப்பட்டது. கூட்டத்தில் மக்களுக்குத் தவறான விளக்கம் அளித்தவர் இந்த அலுவலர்.' முத்திரை குத்தி அனுப்பினாள்.

யாரும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. திட்டவில்லை. மார்கழியோடு கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாற்காலிக்கு இளவேனில் என்று ஒரு பெண் வந்தாள். டவுன்ஷிப்பில் வளர்ந்தவள், படித்தவள், பணிவானவள். பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே நிலுவைக் கோப்புகளை முடித்தாள். வெண்மதிக்கு வீட்டு முகவரியில் ஒரு கடிதம் வந்தது. வடகரையில் மறுகணக்கெடுப்பு நடத்தப்பட்டதாகவும், ஏரியைச் சார்ந்து தற்போது எந்தக் குடும்பமும் தொழில் செய்யவில்லை என்பது உறுதி செய்யப்பட்டதாகவும், ஆகவே நாற்பத்தோராம் பக்கத்தில் திருத்தம் தேவைப்படவில்லை என்றும் அதில் இருந்தது.

சனிக்கிழமை பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்த அந்தத் தபாலை மறுநாள் காலை வாங்கி வந்து, வெண்மதி வாசலில் நின்றபடியே படித்தாள். தனகோட்டி ஷிப்ட் முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அலுவலக வேலை பறிபோனதிலிருந்து அவர் மகளிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது கேட்டால் லீவில் இருக்கிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாரியம்மாள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவள் டவுன்ஷிப்பில் மூன்று குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறாள்.

"என்னா காயிதம்?" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன நாளுக்குப் பிறகு அவளாக எதுவும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கணக்கெடுத்தாங்களாம். நம்ம தெருவுல யாரும் ஏரிக்குப் போறதில்லன்னு எழுதியிருக்காங்க."

மாரியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு வந்துச்சி. நல்லாத்தான் பேசிச்சி. ஏரிக்குப் போறீங்களான்னு கேட்டுச்சி. இல்லன்னேன். இப்ப எங்க போறோம்?"

"அம்மா..."

"இல்லாததச் சொல்லச் சொல்றியா?"

பஸ் வரும் சத்தம் கேட்டது. மாரியம்மாள் தெருமுனைக்கு வேகமாக நடந்தாள். செங்கமலமும் இன்னும் நாலைந்து பெண்களும் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் ஏறிப் போனார்கள். கரைமேல் ரோட்டில் பஸ் திரும்பும்போது ஏரி முழுசாகத் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் படகுகள் நிறைய மிதந்தன.

வெண்மதி கடிதத்தை மடித்தாள். அவள் மறுபடி சேர்ந்திருந்த ஜெராக்ஸ் கடை ஒன்பதரைக்குத் திறக்கும். ஞாயிறு என்றாலும் ஏரி பார்க்க வருகிறவர்களால் இப்போதெல்லாம் அங்கே கூட்டம். படகுச் சீட்டுக்கு ஆதார் நகல் கேட்கிறார்களாம். முதலாளி சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். அவள் தலைவாரிக்கொள்ள உள்ளே போனாள்.